பலகை வீட்டில் சலவை இயந்திரம்



தோட்டத்துப் பெண்களுக்கு வெளிக்காட்டு வேலை முடிந்தால் ஓய்வு என்பதில்லை. வீட்டு வேலை அங்கிருந்துதான் தொடங்குகின்றது. அந்த வீட்டு வேலைகளிலே முதுகையும் மணிக்கட்டையும் அதிகமாக வாட்டுவது துணி துவைப்பதுதான். பால் வெட்டப் போன சட்டையில் கித்தாப் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். செம்பனைக் காட்டுக்குப் போன காற்சட்டையில் சேறு அப்பியிருக்கும். இவற்றைக் கல்லிலே அடித்து, முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டு நிமிர்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். ஆகவே பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகும் மகனோ மகளோ முதலில் வாங்கித் தர விரும்பும் பொருள்களில் ஒன்றாகச் சலவை இயந்திரம் இருப்பதில் வியப்பில்லை.

கல் வீட்டுக்கு அந்த இயந்திரம் வந்தால் தொல்லையில்லை. தூண்மேல் நிற்கும் பழைய பலகை வீட்டுக்கு வந்தால்தான் தொல்லை. சிடாம் கிரி, பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரங்களில் இத்தகைய வீடுகளை நாம் அறிவோம். இயந்திரம் துணியை அலசும் வரைக்கும் பேசாமல் இருக்கும். தண்ணீரைப் பிழிவதற்காக வேகமாகச் சுழலத் தொடங்கியதும் தரை அதிரும். தட்டுச் சட்டத்திலே தட்டுகள் கிணுகிணுக்கும், சன்னல் கண்ணாடி நடுங்கும், இயந்திரமே இடம்விட்டு நகர்ந்து வரும். “வீடு விழுந்துவிடும், நிறுத்து!” என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். இரண்டொரு முறை இப்படி நடந்துவிட்டால், இயந்திரத்தின்மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்துவிட்டு, அம்மா மறுபடியும் துவைக்கும் கல்லுக்கே போய்விடுவார். பணமும் போயிற்று, இடுப்பு வலியும் தீரவில்லை.

இந்த அதிர்ச்சி ஏன் உண்டாகின்றது, அதைக் குறைப்பது எப்படி என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். கயிற்றின் நுனியிலே ஒரு கல்லைக் கட்டித் தலைக்குமேல் சுழற்றினால் அது கையை வெளிப்புறமாக இழுக்கின்றது அல்லவா? சலவை இயந்திரத்தின் தொட்டிக்குள்ளும் இதுதான் நடக்கின்றது. ஈரத் துணி தொட்டியைச் சுற்றிலும் சமமாகப் பரவியிருந்தால், ஒரு பக்கத்து இழுப்பை எதிர்ப் பக்கத்து இழுப்பு ஈடுகட்டிவிடும். ஒரு பக்கத்திலே துணி திரண்டுவிட்டால் ஈடு இல்லாத இழுப்பு மிஞ்சுகின்றது.

அந்த இழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டியின் நடுவிலிருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி, அரைக் கிலோ எடை ஒரு பக்கமாக மிகுந்திருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். நனைந்த துவாலை ஒன்றே இதைவிட எடை மிகுந்தது. தொட்டி நிமிடத்துக்கு 500 சுற்றுச் சுழன்றால் இழுப்பு சுமார் 30 கிலோ எடைக்குச் சமம். 1,000 சுற்றுச் சுழன்றால் அது 60 கிலோ ஆகும் என்று நினைப்போம். ஆனால் 120 கிலோவுக்கு மேலே போய்விடுகின்றது! வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகின்றது என்பதே இதன் விதி. அந்த இழுப்பு ஒவ்வொரு நொடியிலும் 16, 17 தடவை திசை மாறி மாறிச் சுற்றி வருகின்றது.

இது முழுவதும் தரையில் விழுவதில்லை. இயந்திரத்தைச் செய்தவர்கள் தொட்டியை உள்ளேயே சுருள்வில்லில் தொங்கவிட்டு, ஆட்டத்தை அடக்கும் தண்டுகளையும் பொருத்தியிருக்கிறார்கள். முன்புறக் கதவுள்ள இயந்திரங்களில் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தவே கான்கிரீட்டுக் கட்டியும் உள்ளே உண்டு. இத்தனை ஏற்பாட்டையும் மீறி மிஞ்சும் பங்குதான் கால்கள் வழியே தரைக்கு இறங்குகின்றது. சிமெண்டுத் தரை அதை மண்ணுக்குள் செலுத்திவிடும். பலகைத் தரை அப்படிச் செய்யாது. அதற்குத் தன்னுடைய ஆட்டம் ஒன்று இருக்கின்றது.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் தனக்கென்று ஓர் இயல்பான வேகத்திலே ஆடும். அதன் போக்கறிந்து, சரியான நேரத்தில் விரலால் தள்ளினாலே போதும், உயர உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் அது ஓங்கி ஆடாது. 1831-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மான்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள புரௌட்டன் தொங்குபாலத்தின்மேல் படைவீரர்கள் அடி ஒத்து நடந்து சென்றார்கள். அவர்களுடைய காலடியும் பாலத்தின் இயல்பான ஆட்டமும் ஒத்துப்போக, பாலம் ஓங்கி ஆடி இடிந்து விழுந்தது. பாலத்தைக் கடக்கும்போது அடி ஒத்து நடக்கக்கூடாது என்று படைகளுக்கு அதன் பிறகு கட்டளை பிறந்தது. இவ்வாறு இரண்டு ஆட்டங்கள் ஒத்துப்போய் ஒன்றை ஒன்று பெருக்குவதை ஒத்ததிர்வு என்கிறோம்.

பலகைத் தரையும் ஒருவகை ஊஞ்சல்தான். மரத் தரைகளின் இயல்பான ஆட்டம் பெரும்பாலும் நொடிக்கு 8 தடவைக்கும் 20 தடவைக்கும் இடையில் அமைந்திருக்கும். நிமிடக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 480 முதல் 1,200 வரை. சலவை இயந்திரம் பிழியும்போது சுழல்கின்ற வேகமும் சரியாக இந்த எல்லைக்குள்ளேதான் வருகின்றது! வேகம் ஏறும்போது ஒரு கட்டத்தில் வீடு மிகவும் அதிர்ந்து, பிறகு சற்று அடங்குவதை நீங்கள் கவனித்திருக்கலாம். அந்தக் கட்டம்தான் ஒத்ததிர்வு நிகழும் இடம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்புறக் கதவுள்ள இயந்திரத்தின் தொட்டி வண்டிச் சக்கரத்தைப் போலச் சுழல்கின்றது. ஆகவே அது தரையை மேலும் கீழுமாக அடிக்கின்றது. மேல்மூடியுள்ள இயந்திரத்தின் தொட்டி பம்பரத்தைப் போலச் சுழல்கின்றது. அது தரையைப் பக்கவாட்டிலே தள்ளுகின்றது. முதலாவது பலகையையும் சட்டத்தையும் சோதிக்கும். இரண்டாவது வீட்டைத் தாங்கும் தூண்களையே அசைத்துப் பார்க்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

நோயின் காரணம் தெரிந்துவிட்டது. இனிச் சிகிச்சைக்கு வருவோம்.

அதிர்ச்சி என்றதும் நம்மவர்கள் முதலில் தேடுவது ரப்பரைத்தான். பழைய டயரை வெட்டி, அல்லது கடையில் விற்கும் ரப்பர் வில்லைகளை வாங்கி, இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் வைப்பார்கள். பால் மரத்தை நம்பி வாழ்ந்த மக்களுக்கு ரப்பரின்மேல் நம்பிக்கை இருப்பது இயல்பே. அந்த நம்பிக்கைக்குத் தக்க ஆதாரமும் இருக்கின்றது. 1966-இல் லண்டன் மாநகரில், சுரங்க இரயில் நிலையத்துக்கு மேலே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை இயற்கை ரப்பர்த் திண்டுகளின்மேல் நிறுத்தினார்கள். இரயிலின் அதிர்ச்சி வீடுகளுக்குள் ஏறாமலிருக்க அந்த ஏற்பாடு. நமக்கு அருகிலேயே, 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலம் இருக்கின்றது. நமது கெடா மாநிலத்துச் சுல்தானாக இருந்த அப்துல் ஹலிம் அவர்களின் பெயர் தாங்கிய அந்தப் பாலம், நிலநடுக்கத்தைத் தாங்கும் பொருட்டு இயற்கை ரப்பர்த் திண்டுகளின்மேல் அமர்ந்திருக்கின்றது.

அப்படியானால் நம் வீட்டில் மட்டும் ரப்பர் ஏன் பலிப்பதில்லை? அந்தக் கட்டடத்திலும் பாலத்திலும் ரப்பருக்குக் கீழே இருப்பது என்ன என்று பாருங்கள். அசையாத அடித்தளமும் ஆழமாக ஊன்றிய தூண்களும் இருக்கின்றன. ரப்பர் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் அதற்கு அடியில் உள்ளது ரப்பரைவிடப் பன்மடங்கு உறுதியாக இருக்க வேண்டும். தொய்கின்ற பலகைத் தரையே ஒரு வில். வில்லின்மேல் இன்னொரு வில்லை வைத்தால் ஆட்டம் நிற்காது. சில வேளைகளில் கூடவும் செய்யும். மிக மென்மையான ரப்பரை வைத்தால் இயந்திரம் நிலைகொள்ளாமல் தள்ளாடும். ஆகவே நேயர்களே, இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தரைதான் முதலில், ரப்பர் கடைசியில். ரப்பர் வில்லை கால் வழுக்காமல் தடுக்கும், இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கும். தளர்ந்த தரையை அது உறுதியாக்கிவிடாது.

தரையைத் தொடுவதற்கு முன்னால், காசு செலவில்லாத சில காரியங்களை முடித்துவிட வேண்டும்.

புதிய இயந்திரமாக இருந்தால், வண்டியில் ஏற்றி வரும்போது தொட்டி ஆடாமலிருக்கப் பின்புறத்தில் முடுக்கிய நீண்ட திருகாணிகளைக் கழற்றிவிட்டார்களா என்று பாருங்கள். அவை உள்ளேயே இருந்தால் சுருள்வில் வேலை செய்யாது. அதிர்ச்சி முழுவதும் தரைக்கே வரும். கழற்றியவற்றை எறிந்துவிட வேண்டாம். வீடு மாறும்போது தேவைப்படும்.

அடுத்து, நான்கு கால்களும் சமமாக ஊன்றியிருக்க வேண்டும். இயந்திரத்தின் எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை என்று பொருள். கொத்தனாரின் ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்துக் கால்களைத் திருகிச் சரிசெய்து, கால்மேல் உள்ள நட்டை ஸ்பேனரால் இறுக்கிவிட வேண்டும். இறுக்காவிட்டால் இரண்டே வாரத்தில் கால் மறுபடியும் தளர்ந்துவிடும்.

துணி போடுவதிலும் முறை இருக்கின்றது. கம்பளி ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் அது உருண்டையாகத் திரண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். பெரிய துணியோடு சிறிய துணிகளைக் கலந்து போடுங்கள். பிழியும் வேகத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். 1,000 சுற்றை 700 ஆக்கினால் இழுப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். கெடா வெயிலுக்குத் துணி எப்படியும் உலர்ந்துவிடும். ஆனால் 700 என்பதே உங்கள் தரையின் இயல்பான ஆட்டத்துக்கு ஒத்துப்போனால் பலன் தலைகீழாகும். ஆகவே ஒவ்வொரு வேகமாக வைத்துப் பார்த்து, எதில் வீடு அமைதியாக இருக்கின்றதோ அதைக் கொள்ளுங்கள்.

பல ஆண்டு உழைத்த இயந்திரமாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். அது ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். மூன்று நான்கு தடவை குதித்தால் உள்ளே ஆட்டத்தை அடக்கும் தண்டுகள் தேய்ந்துவிட்டன. அதைப் பழுதுபார்ப்பவரிடம்தான் காட்ட வேண்டும்.

இனி, வைக்கும் இடம். அந்தக் காலத்தில் நம் பாட்டிமார் உரலைப் பலகைத் தரையின் நடுவில் போட்டு உலக்கையால் இடித்ததில்லை. மண் தரைக்குக் கொண்டுபோய்த்தான் இடித்தார்கள். அந்த அறிவு இங்கேயும் பொருந்தும். பழைய வீடுகள் பலவற்றில் சமையற்கட்டும் குளியலறையும் பின்புறம் மண்மட்டத்திலே சிமெண்டுத் தரையோடு இருக்கும். இயந்திரத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே ஈரம் அதிகம். ஆகவே ஒரு சிறு சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். நில இணைப்பும் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் சரியாக உள்ளனவா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்த்த பிறகே இயக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது.

அப்படி இடமில்லை, மேல்தரையில்தான் வைத்தாக வேண்டும் என்றால், வீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். தூண்களின்மேல் உத்தரம் கிடக்கும். உத்தரத்தின்மேல் வரிசையாகச் சட்டங்கள் போகும். சட்டங்களின்மேல் பலகை அடித்திருப்பார்கள். சட்டம் எந்த இடத்தில் உத்தரத்தின்மேல் உட்கார்ந்திருக்கின்றதோ, அந்த இடத்துக்கு நேர் மேலே, தூணுக்கு அருகில் இயந்திரத்தை வையுங்கள். இரண்டு உத்தரங்களுக்கு நடுவிலே வைப்பதுதான் மிகவும் கெடுதல். சட்டம் அங்கேதான் அதிகமாகத் தொய்கின்றது.

தரையின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றித் தரையில் வையுங்கள். சற்றுத் தள்ளி ஒருவர் குதிகாலை உயர்த்திப் ‘பொத்’தென்று ஊன்றட்டும். நடு அறையிலும் தூணருகிலும் மாறி மாறிச் செய்து, தண்ணீர் எங்கே அதிகமாக அலைகின்றது என்று பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம். பள்ளிப் பாடமும் ஆகும்.

இடத்தை மாற்ற முடியாதபோது தரையை உறுதியாக்க வேண்டும். இங்கேதான் தூண்வீட்டுக்கு ஒரு நன்மை இருக்கின்றது. தரையைப் பெயர்க்காமலே அடியில் நின்று வேலை செய்யலாம். சட்டத்தின் நடுவிலே, குறுக்காக ஓர் உத்தரத்தைக் கொடுத்து, அதைத் தூண்களால் தாங்குங்கள். 10 அடி நீளம் தாங்கலின்றிப் போன சட்டம் இப்போது 5 அடி, 5 அடியாகப் பிரிந்துவிடுகின்றது. இடைவெளி பாதியானால் தொய்வும் பாதியாகும் என்று நினைக்கலாம். உண்மையில் அது எட்டில் ஒரு பங்காகக் குறைகின்றது! தரை எட்டு மடங்கு உறுதியானால் அதன் இயல்பான ஆட்டம் ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாகும். நொடிக்கு 8 தடவை ஆடிய தரை 22 தடவை ஆடும். அதாவது நிமிடத்துக்கு 1,300-க்கும் மேல். இயந்திரம் 1,000 சுற்றோடு நின்றுவிடுமானால் அந்த வேகத்தை எட்டவே முடியாது. ஊஞ்சலைத் தள்ளுகின்ற கை ஊஞ்சலின் போக்கோடு ஒத்துப்போக வழியில்லாமல் போய்விடுகின்றது.

புதிய தூணை வெறும் மண்ணில் ஊன்றக் கூடாது. மழைக் காலத்தில் மண் இளகித் தூண் இறங்கிவிடும். சிமெண்டுக் கான்கிரீட்டு அடிக்கல் போட்டு அதன்மேல் நிறுத்த வேண்டும். தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் இடையே வைரம் பாய்ந்த மரத்தில் செதுக்கிய ஆப்புகளை இரு பக்கமிருந்தும் மெதுவாக அடித்து இறுக்க வேண்டும். இறுகினால் போதும். வீட்டையே தூக்க முயன்றால் வேறு மூலையில் கதவு அடைபடாமல் போகும். சட்டங்களுக்கு இடையில் இடைக்கட்டைகளை இறுக்கமாகப் பொருத்தினால் ஒரு சட்டத்தின் பாரத்தைப் பக்கத்துச் சட்டங்களும் பங்கிட்டுக்கொள்ளும். ஆணி கழன்ற பலகைகளைத் திருகாணியால் முடுக்குங்கள். இயந்திரத்துக்கு அடியில் முக்கால் அங்குலத் தடிப்புள்ள ஒட்டுப்பலகையை, மூன்று நான்கு சட்டங்களை எட்டும்படி விரித்து, சட்டத்தோடு சேர்த்துத் திருகாணி போடுங்கள்.

மேல்மூடியுள்ள இயந்திரம் வீட்டைப் பக்கவாட்டில் ஆட்டுகின்றது என்றோம். அதற்குத் தூண்களுக்கு இடையே சாய்வுச் சட்டம் அடிக்க வேண்டும். நான்கு ஈர்க்குச்சிகளை முனையில் கட்டிச் சதுரமாக்கித் தள்ளிப் பாருங்கள். சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டித் தள்ளுங்கள். சாயாது. சாய்வுச் சட்டம் ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு முக்கோணங்களாக்கிவிடுகின்றது.

எந்த வேலைக்கும் முன்னால் மரத்தைத் தட்டிப் பாருங்கள். தூணின் அடியிலும் சட்டத்தின் முனையிலும் திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்குகின்றதா, கரையான் மண் ஓடியிருக்கின்றதா என்று கவனியுங்கள். உளுத்த மரத்தை மாற்றாமல் அதன்மேல் இயந்திரம் வைப்பது ஆபத்து. இப்படிப்பட்ட வீட்டில் பெரியவர்கள் “விழுந்துவிடும்” என்று அஞ்சுவது வீண் பயமன்று. அதிர்ச்சி குறையட்டும் என்று கனத்த கல்லை அடியில் போடுவதும் நல்லதன்று. தளர்ந்த சட்டத்துக்கு அது கூடுதல் சுமையே.

நாம் அறிந்த ஒரு வீட்டிலே மேற்சொன்ன வரிசையில்தான் காரியம் நடந்தது. இயந்திரத்துக்கு அடியில் இருந்த டயர்த் துண்டுகளை எடுத்தார்கள். கால்களைச் சமப்படுத்தினார்கள். நடு அறையிலிருந்து தூணோரத்துக்கு நகர்த்தினார்கள். பாதி அதிர்ச்சி அன்றே அடங்கியது. அடுத்த வாரம் தச்சு வேலை தெரிந்த உறவினர் ஒருவர் வந்து அடியில் ஓர் உத்தரமும் இரண்டு தூண்களும் கொடுத்தார். இயந்திரத்தின் சத்தம் இன்றும் கேட்கத்தான் செய்கின்றது. ஆனால் தட்டுகள் கிணுகிணுப்பதில்லை. அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா துவைக்கும் கல்லுக்குப் போவதுமில்லை.

பழைய வீட்டில் இருக்கிறோம் என்பதற்காகப் புதிய வசதி நமக்கு ஆகாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. முதலில் இயந்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். அடுத்து நல்ல இடத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கடுத்து அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். இவை மூன்றும் முடிந்த பிறகும் கால் வழுக்கினால் அப்போது ரப்பர் வில்லையை வைத்துக்கொள்ளலாம். விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளைகள் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, வீட்டுக்கடியில் குனிந்து பார்த்தால் போதும். அம்மாவின் முதுகு அதன் பலனை ஒவ்வொரு நாளும் உணரும்.